சீட்டுக்கு அடியில் எட்டு இன்ச்

“அண்ணே, ஊருக்குப் பாட்டு போடணுமா, உங்களுக்குப் போட்டுக்கணுமா? அத மொதல்ல சொல்லுங்க.”

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு சந்தில், ஆள் குனிந்து நுழைகிற அளவுக்குக் கடை வைத்திருக்கும் பையன் கேட்டான். காருக்கும் ஆட்டோவுக்கும் செட் மாட்டிக் கொடுப்பவன். என் பெரிய மகன் வயசு இருக்கும். நான் இருபத்திரண்டு வருஷமாக லோடு வண்டி ஓட்டுகிறேன். எத்தனையோ கடையில் எதையெதையோ மாட்டியிருக்கிறேன். எல்லாக் கடையிலும் பேச்சு “எத்தனை வாட்டு?” என்றுதான் தொடங்கும். யாருக்குப் பாட்டு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது.

ராத்திரி ஒரு மணிக்கு ஐஸ் பெட்டிகளோடு காசிமேட்டுக்குப் போய் நிற்பேன். விசைப்படகு கரை சேர்ந்து, மீன் இறங்கி, ஏலம் முடிந்து, வியாபாரி கை காட்டும் வரை காத்துக் கிடக்க வேண்டும். வஞ்சிரமும் சங்கராவும் ஐஸில் புதைந்து என் வண்டிக்கு வரும்போது மூணு, மூணரை ஆகிவிடும். அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை, சில நாள் வானகரம். பகலில் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் சில்லறை லோடு கிடைத்தால் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டிக்கொள்வேன். கணக்குப் பார்த்தால் வண்டி உருளும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். சாப்பாடு, தூக்கம், வீட்டுக்குப் போன், கடன்காரருக்குப் பதில் எல்லாம் அந்த கேபினில்தான். வீட்டில் எனக்கென்று ஓர் அறை கிடையாது. இருப்பது இது ஒன்று.

“லோடு வண்டிக்கு எதுக்குய்யா ஊஃபரு?” என்று போன மாதம் சிக்னலில் பக்கத்தில் நின்ற கார்க்காரர் கேட்டார். கேலியாகத்தான். அவர் காரில் கம்பெனியே ஆறு ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்திருக்கும். வீட்டிலிருந்து ஆபீஸ் போய்வருகிறவருக்கு ஆறு. பன்னிரண்டு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பவனுக்கு, டேஷ்போர்டில் ஒரு சின்னப் பெட்டி, கதவுக்கு ஒன்றாய் ரெண்டு காகித ஸ்பீக்கர். இதை ஆடம்பரம் என்று யார் முடிவு செய்தார்கள் என்று கேட்க நினைத்தேன். பச்சை விழுந்துவிட்டது.

அந்த ரெண்டு ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டைப் போட்டால் கச்சேரிக்குப் பாதிப் பேர்தான் வருவார்கள். குரல் வரும், வயலின் வரும், புல்லாங்குழல் வரும். அடியில் தன் பாட்டுக்குத் தனியாக நடந்துபோகும் பேஸ் கிட்டார் வராது. கானா போட்டால் டோலக்கின் வலப்பக்கம் மட்டும் டிக்கு டிக்கு என்று கேட்கும். இடக்கை அடிக்கிற அடி எங்கே போனதென்றே தெரியாது.

இதில் ஸ்பீக்கரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. என்னுடையது நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின். ஒரு சுற்றுக்கு ரெண்டு முறை வெடிக்கும். 1,800 ஆர்.பி.எம்.மில் போனால் நொடிக்கு 30 சுற்று, 60 வெடிப்பு. சத்தக் கணக்கில் அது 60 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆக, பாட்டின் அடிச்சத்தமும் இன்ஜினின் உறுமலும் ஒரே பந்தியில் உட்காருகின்றன. இன்ஜின் பெரிய ஆள். பக்கத்து இலையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நாம் என்ன செய்வோம்? வால்யூமைத் திருகுவோம். சின்ன ஸ்பீக்கருக்கு அடிச்சத்தம் தரும் திராணி இல்லை. அதனால் அது கத்தும். குரல் கிழியும், ஜால்ரா காதைக் குத்தும். மத்தியானம் வண்டியை விட்டு இறங்கும்போது தலைக்குள் வண்டு குடைவதுபோல இருக்கும். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் காதுக்குப் போட்டிருக்கும் எல்லை. 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகக் குறைந்துவிடும். நான் வாரத்தில் எழுபது மணி நேரத்துக்குக் குறையாமல் உள்ளே இருப்பவன்.

அதனால் ஒரு விஷயத்தை அடித்துச் சொல்கிறேன், நம்பாதவர்கள் என் வண்டியில் ஏறிப் பார்க்கலாம்: சரியாக மாட்டிய சப்வூஃபர் சத்தத்தைக் குறைக்கும். முன்பு 28இல் வைத்துக் கேட்ட பாட்டை இப்போது 17இல் கேட்கிறேன். அடிச்சத்தம் தனியாக வந்து சேர்ந்துவிட்டதால் மேலே கத்த வேண்டிய அவசியம் போய்விட்டது.

“சரியாக மாட்டிய” என்றேன். தப்பாக மாட்டியதன் கதையும் என்னிடம் உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்பு, பெயர் சொல்ல வேண்டாம், ஒரு கடையில் 12 இன்ச் பெட்டியும் ‘2,000 வாட்’ என்று தங்க எழுத்தில் போட்ட ஆம்ப்பும் வாங்கினேன். பெட்டி சீட்டுக்குப் பின்னால் போகவில்லை. கிளீனர் உட்காரும் இடத்தில் வைத்துப் பட்டை போட்டுக் கட்டினார்கள். கிளீனர் பையன் காலை மடக்கிக்கொண்டு அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து வருவான். அவனுக்கு அது பெருமையாகவும் இருந்தது. ஒரு வாரம் ராஜா மாதிரி சுற்றினோம். எட்டாம் நாள் காசிமேட்டில், மீன் ஏறி, தார்ப்பாய் கட்டி முடித்து, சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. மறுபடி ‘டக்’. பின்னால் நாலு வண்டி ஹாரன். பக்கத்து வண்டிக்காரர் தூக்கக் கலக்கத்தோடு ஒயர் போட்டுக் கிளப்பிவிட்டபோது மணி நாலே முக்கால். சிந்தாதிரிப்பேட்டையில் அன்று ஐஸ் தண்ணீராக ஓடியதற்கு வியாபாரி வாடகையில் பிடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது மேலே சொன்ன சந்துக் கடைப் பையன். செட்டின் பின்பக்கம் மஞ்சள் ஒயர் எப்போதும் உயிரோடு இருக்கும். சிவப்பு, சாவி திருப்பினால்தான் உயிர் பெறும். நீலம், செட் ஓடும்போது மட்டும் ஆம்ப்பைத் தட்டி எழுப்பும். எனக்கு மாட்டியவர் நீலத்தில் போட வேண்டியதை மஞ்சளில் முறுக்கி டேப் சுற்றிவிட்டார். நான் வண்டியை அணைத்தாலும் ஆம்ப் தூங்கவே இல்லை; ராத்திரி முழுக்க பேட்டரியை உறிஞ்சிக்கொண்டு விழித்திருந்தது.

அதோடு முடியவில்லை. பையன் இன்ஜின் பக்கம் டார்ச் அடித்து, “இங்க பாருங்கண்ணே” என்றான். பேட்டரியிலிருந்து வரும் பவர் ஒயர், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. ஓட்டையைச் சுற்றி ரப்பர் வளையம் இல்லை. தகரத்தின் விளிம்பு ஒயரின் தோலை நகத்தளவுக்கு அறுத்திருந்தது. உள்ளே உலோகம் மினுங்கியது. இன்னும் ஒரு மயிரிழை உரசியிருந்தால் பாடியில் தொட்டிருக்கும். அந்த ஒயரில் ஃபியூஸும் கிடையாது. டீசல் டேங்க், தார்ப்பாய், தெர்மாகோல் பெட்டி எல்லாம் சேர்ந்த வண்டி. வண்டி எரிந்த செய்தியைப் பேப்பரில் படிக்கிறவர்கள் இன்ஜினைத்தான் நினைப்பார்கள். எனக்கு இப்போதெல்லாம் அந்த நகத்தளவு மினுக்கம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

தங்க எழுத்துக் கணக்கையும் அவன்தான் உடைத்தான். 2,000 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 166 ஆம்பியர். என் வண்டியின் ஆல்டர்நேட்டர் ஹெட்லைட், வைப்பர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தருவது அதில் பாதிகூட இல்லை. அந்த ஆம்ப் எங்கிருந்து எடுத்து எதைக் கொடுக்கும்? பெட்டியில் எழுதியதை விட்டுவிட்டு, விடாமல் தரக்கூடிய அளவாக ‘ஆர்.எம்.எஸ்.’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். நான் இப்போது வைத்திருப்பது 150 வாட். எட்டு இன்ச். ஆம்ப்பும் அதே தட்டைப் பெட்டிக்குள். சீட்டுக்கு அடியில் நுழைந்துவிட்டது, கிளீனர் பையனுக்குக் காலை நீட்ட இடம் திரும்பக் கிடைத்தது. எட்டு இன்ச் போதுமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. பிக்கப் கேபின் சின்னது, நாலு பக்கமும் அடைப்பு. அடிச்சத்தம் அப்படிப்பட்ட சின்ன அறைக்குள் தானாகவே பெருகும். கல்யாண மண்டபத்தில் எடுபடாத பெட்டி கேபினில் கனமாகப் பேசும். நம் கேபின் சின்னதாக இருப்பதில் கிடைக்கிற ஒரே லாபம் இது என்று நினைக்கிறேன்.

மாட்டிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் உப்புக் காற்று உண்டு. பையன் முதலில் ஒயரின் நுனியை பிளேடால் சுரண்டிக் காட்டினான். உள்ளேயும் செம்பு நிறம். பழைய ஒயரைச் சுரண்டினான். மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளை, அலுமினியம். அதற்கும் நான் செம்பு விலைதான் கொடுத்திருந்தேன். பிறகு ஃபியூஸ்: பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்ப்பை அல்ல, ஒயரை. பேட்டரியிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தால் அதுவரைக்கும் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை. ஓட்டைக்கு ரப்பர் வளையம். கடைசியாக எர்த்து. சீட்டுக்குக் கீழே ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்துப் பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், தகரம் கண்ணாடி மாதிரி ஆகும் வரை. முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினான். உப்புக் காற்றை உப்புத்தாளால் வெல்கிறான் பாருங்கள் என்று சொன்னேன், அவன் சிரிக்கவில்லை. வேலையில் இருந்தான். மீன் வண்டியில் ஐஸ் உருகி வழிகிற உப்புத் தண்ணீர் சேஸிஸில் இறங்கும். எர்த்து போல்ட்டில் ஆறே மாதத்தில் துரு ஏறும், செம்பு முனையில் பச்சைக் களிம்பு பூக்கும். அப்போது பாட்டோடு இன்ஜினின் ‘ங்ஙொய்’யும் சேர்ந்து வரும். ஆள் மாற்றி ஆள் ஸ்பீக்கரைக் குறை சொல்வார்கள்.

எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்குச் சற்று மேலே ஆனது. முதல் தடவை வீணாக்கியதைவிடக் குறைவு.

இனி தெருவுக்கு வருகிறேன். நான் வண்டிக்காரர்கள் பக்கம் பேசுகிறேன் என்பதால் எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. அதிகாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஊஃபரை ஏற்றிவைத்து நுழைகிற பையன்கள் உண்டு. மேல் சத்தம் ஜன்னலைச் சாத்தினால் நிற்கும். அடிச்சத்தம் சுவரையே தட்டிக்கொண்டு உள்ளே வரும். எவர்சில்வர் டம்ளர் அலமாரியில் கிணுகிணுக்கும், இதய ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். “ரயிலு போற ஊர்ல ஒரு ஊஃபரு பெருசா?” என்று கேட்கிறார்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஊர் ராயபுரம், அதிர்ந்து அதிர்ந்து பழகிய சுவர்கள்தான். ஆனால் ரயில் கடந்து போய்விடும். வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டே பாட்டுப் போடாது.

சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. ஆனால் அந்த டெசிபல் ‘ஏ’ வகை அளவு. மனிதக் காது மெல்லிய சத்தத்தை எப்படிக் கேட்குமோ அதற்கேற்பக் கணக்கிடுவது. அந்த அளவில் 50 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு 30 டெசிபல் தள்ளுபடி. டம்ளர் ஆடிக்கொண்டிருக்கும், மீட்டர் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லும். புகார் கொடுத்த வீட்டுக்காரர் பொய்யராகிவிடுவார். அடிச்சத்தத்தை ஏறக்குறையத் தள்ளுபடி இல்லாமல் அளக்க ‘சி’ வகை அளவு ஒன்று உண்டு. வண்டிப் பாட்டு, விழாப் பாட்டு இரண்டுக்கும் அதையும் சேர்த்து அளந்தால் என்ன? இது எனக்கு எதிராகவும் போகும் யோசனைதான். போகட்டும்.

என் சித்தப்பா மைக்செட் வைத்திருந்தவர். கோயில், கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுவார். கட்டி முடித்ததும் பாட்டைப் போட்டுவிட்டு, தெருவின் கடைசி வீடு வரை நடந்து போவார். அங்கே வாசலில் நின்று கையைக் காட்டுவார்: கீழே, இன்னும் கீழே. ஆம்ப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக் குமிழைத் திருகுவது எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. இப்போது என் டேஷ்போர்டில் பேஸுக்கென்று தனிக் குமிழ் இருக்கிறது. கல்மண்டபம் திரும்பும்போதே கை அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. சாலையில் இன்னொரு அளவு வைத்திருக்கிறேன். பின்னால் லோடுமேன் பாடியில் ரெண்டு தட்டுத் தட்டி “ரைட்டு” என்பான். அந்தத் தட்டு காதில் விழாவிட்டால் பாட்டு அதிகம். ஆம்புலன்ஸும் அப்போது காதில் விழாது.

வண்டிக் கம்பெனிக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சின்ன வயதில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வெறும் சேஸிஸ் வரிசையாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆன எண்ணூர் கம்பெனியின் வண்டிகள். கேபின் கிடையாது, கதவு கிடையாது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒருவர் வெயிலிலும் மழையிலும் ஓட்டிப் போவார். பாடி கட்டுவது வாங்குபவர் பாடு. நாட்டில் பல கம்பெனிகளுக்கும் அன்றைக்கு அதுதான் வழக்கம். இன்ஜின் செய்வது கம்பெனி வேலை, ஓட்டுபவன் உட்காரும் இடம் யாரோ பிற்பாடு பார்த்துக்கொள்ளும் வேலை. இன்று கேபினோடுதான் வண்டி வருகிறது. நினைப்பு மட்டும் அந்தச் சேஸிஸிலேயே உட்கார்ந்திருக்கிறது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அது லோடோடு சேர்த்து 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு. அதற்குக் கீழே உள்ள பிக்கப், குட்டி யானை வகையறாவுக்குக் கிடையாது. வெயில் எங்களுக்கு மட்டும் குறைவாக அடிக்குமா என்று கேட்டால் அது வேறு கட்டுரை.

நான் ஏ.சி. கேட்கவில்லை. கம்பெனி ஊஃபர் வைத்துத் தரவும் வேண்டாம். வைத்தால் அதற்கும் ஒரு மாடல் பெயர் வைத்து 40,000 ஏற்றுவார்கள். சீட்டுக்குப் பின்னால் ஃபியூஸ் போட்ட ஒரு பவர் லைன், பக்கத்தில் பெயின்ட் அடிக்காத ஓர் எர்த்து போல்ட், சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெறும் ஒரு ஒயர். இவ்வளவுதான். நாங்கள் எப்படியும் மாட்டத்தான் போகிறோம். அது தெரியாத கம்பெனி இந்தியாவில் வண்டி விற்கவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு வண்டிக்குள் கம்ப்யூட்டரும் சென்சாருமாக இருக்கிறது. பழைய வண்டியில் கண்ட ஒயரை வெட்டிச் சேர்த்ததுபோல இதில் சேர்த்தால் செக் லைட் எரியும், சர்வீஸில் வாரண்டி இல்லை என்று கையை விரிப்பார்கள். நான் கேட்கும் ஒயரின் விலை சில நூறு ரூபாய். அது இல்லாததால்தான் ஒவ்வொரு சந்துக் கடையிலும் தகரத்தில் டிரில் இறங்குகிறது, ரப்பர் வளையத்தோடும் வளையம் இல்லாமலும்.

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. எனக்கும் லோடு பாதியாகிவிடும். அந்த நாட்களில் ஒரு காலையில் சீட்டைத் தூக்கி, எர்த்து போல்ட்டைக் கழற்றி, களிம்பைச் சுரண்டி, மறுபடி உப்புத்தாள் போட்டு வாஸ்லின் தடவுவேன். சின்ன மகளைத் தெருமுனைக்கு அனுப்பிப் பாட்டைப் போடுவேன். அவள் கடைசி வீட்டு ஆயாவின் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். போன வருஷம் கையை மூன்று தடவை கீழே இறக்கினாள். ஆயா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. “என்னா பாட்டுடா அது?” என்று கேட்டது.